ஐஸ் மேல் நடக்க, ஓட: ஷூவில் மாட்டும் கிளீட் வாங்குமுன் கேட்கப்படும் கேள்விகள்

குளிர்காலம் வந்தாலும் ஓட்டத்தையும் நடையையும் விட மனசில்லாதவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லிவைத்தவர்கள் சேற்றை நினைத்துத்தான் சொல்லியிருப்பார்கள்; ஐஸ் வந்துவிட்டால் யானை, ஆள், பூனை என்ற பேதமே கிடையாது.

முதலில் ஒரு சொல் விளக்கம். தமிழில் எல்லாவற்றையும் பனி என்று சொல்லிவிடுகிறோம், கிளீட் வாங்கும்போது அந்தச் சோம்பல் உதவாது. வானத்திலிருந்து பஞ்சாக விழுந்து கிடப்பதைப் பனி என்றும், உறைந்து கண்ணாடிபோல் கிடப்பதை ஐஸ் என்றும் இங்கே எழுதுகிறேன். கிளீட் என்பது ஷூவுக்கு மேலே இழுத்து மாட்டும் ரப்பர் வலை. அதன் அடியில் ஐஸைப் பிடிக்கும் உலோகம் இருக்கும்.

என் ஷூவின் அடியிலேயே ஆழமான பள்ளங்கள் இருக்கின்றன. தனியாக ஒன்றை மாட்டத்தான் வேண்டுமா?

பனிக்கு வேண்டாம், ஐஸுக்கு வேண்டும். அந்தப் பள்ளங்கள் மண், சேறு, பனி மாதிரி அமுங்குகிற தரையில் வேலை செய்யும், ரப்பர் முனைகள் உள்ளே இறங்கிப் பிடித்துக்கொள்ளும். ஐஸில் இறங்க இடமில்லை. போதாததற்கு ஐஸின் மேல்பரப்பில் திரவம் போன்ற ஒரு மெல்லிய படலம் உண்டு, உறைநிலையை நெருங்க நெருங்க அது தடித்துக்கொண்டே போகும். அதனால்தான் மைனஸ் 20 டிகிரியில் உலர்ந்து கிடக்கும் ஐஸைவிட, 0 டிகிரியை ஒட்டி லேசாக உருகிக்கொண்டிருக்கும் ஐஸ் ரொம்ப மோசம். கணக்காகச் சொன்னால், சமதரையில் சாதாரணமாக நடக்கவே உராய்வுக் கெழு (தரை காலை எவ்வளவு பிடிக்கிறது என்பதன் அளவு) சுமார் 0.2 வேண்டும், ஈர ஐஸில் ரப்பர் தருவது பெரும்பாலும் 0.1க்கும் கீழே. மீதியை உலோக முனை ஐஸைக் குத்திப் பிடித்துத்தான் ஈடுகட்ட முடியும்.

டொராண்டோவில் வின்டர்லேப் என்று ஓர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. ஐஸ் தரையோடு ஓர் அறையையே சாய்த்து, அதில் ஆளை நடக்க விட்டு, எத்தனை டிகிரி சாய்வு வரை வழுக்காமல் தாங்குகிறார் என்று பார்ப்பார்கள். குறைந்தபட்சத் தேர்ச்சிக்கு 7 டிகிரி. 2016இல் 98 வகைக் குளிர்காலக் காலணிகளைச் சோதித்த முடிவை வெளியிட்டார்கள், தேறியவை பத்தைக்கூட எட்டவில்லை. அட்டைப்பெட்டியில் 'குளிர்கால ஷூ' என்று எழுதியிருப்பதை எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சரி, என்னென்ன வகைகள் இருக்கின்றன?

கடையில் முப்பது பெயர்கள் தொங்கும், பிரித்துப் பார்த்தால் மூன்று குடும்பம்தான்.

முதலாவது சுருள் கம்பி. ரப்பர் வலையைச் சுற்றி ஸ்பிரிங் மாதிரி எஃகுக் கம்பி சுற்றியிருக்கும், யாக்ட்ராக்ஸ் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். குத்தாது, உரசிப் பிடிக்கும். மிதிபட்டு இறுகிய பனியில் அருமையாக இருக்கும். கண்ணாடி ஐஸில் சுமார்தான்.

இரண்டாவது ஆணி வகை. ரப்பர் அடித்தட்டில் சின்னச் சின்ன உலோக ஆணிகள், ஓரிரு மில்லிமீட்டரிலிருந்து ஐந்தாறு மில்லிமீட்டர் வரை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கஹ்தூலா நானோஸ்பைக்ஸ் இந்தக் குடும்பம், ஒரு காலுக்கு 10 டங்ஸ்டன் கார்பைடு ஆணிகள்.

மூன்றாவது சங்கிலி வகை. பாதத்தின் அடியில் சங்கிலி ஓடும், அதில் முக்கோணப் பற்கள் தொங்கும். கஹ்தூலா மைக்ரோஸ்பைக்ஸ் காலுக்கு 12 எஃகுப் பற்களோடு வருகிறது, ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர். பார்க்கவே மிரட்டும், அதற்காகவே பலர் வாங்கிவிடுகிறார்கள்.

இவற்றுக்கு நடுவே குதிகாலுக்கு மட்டும் மாட்டுவது, முன்பாதத்துக்கு மட்டும் மாட்டுவது, கேபிளில் உலோக மணி கோத்தது என்று கலப்பு ரகங்களும் உண்டு.

இதில் எனக்கு எது சரி?

இந்தக் கேள்விக்கு எல்லோரும் எதிர்பார்ப்பது ஒரு மாடல் பெயர். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் போய் வரும் வழியில் எத்தனை பங்கு வெறும் தரை? ஒரு தடவை அந்த வழியில் மெதுவாக நடந்து பாருங்கள். முக்கால்வாசி பெருக்கிச் சுத்தமான கான்கிரீட்டும் அங்கங்கே மரநிழலில் ஐஸ் திட்டும் என்றால் உங்களுக்குச் சின்ன ஆணிதான் வேண்டும். சங்கிலிப் பல்லைப் போட்டுக்கொண்டு கான்கிரீட்டில் நடப்பது கூழாங்கல் மேல் செருப்பில்லாமல் நடப்பது மாதிரி. பல் நுழைய இடமில்லாததால் உங்கள் முழு எடையும் நாலைந்து முனையில் நிற்கும், கணுக்கால் பக்கவாட்டில் ஆடும், பல்லும் மழுங்கும். ஐஸில் விழாமல் தப்பித்து, வெறும் தரையில் காலைப் பிசகிக்கொள்வதில் என்ன லாபம்?

மாறாக ஏரியோரப் பாதை, காட்டு வழி, வாகனமோ உப்போ தொடாத இடம், மேலே பனி அதன் கீழே ஐஸ் என்றால் சின்ன ஆணி பனியைத் தாண்டி ஐஸைத் தொடவே தொடாது. அங்கே சங்கிலிதான். வழி முழுக்க இறுகிய பனி மட்டும் என்றால் சுருள் கம்பியே போதும்.

ஒரே வழியில் மூன்றும் மாறி மாறி வந்தால்? அதிகம் வருவதற்கு வாங்காதீர்கள், மிக ஆபத்தானதற்கும் வாங்காதீர்கள், நீங்கள் *வேகமாகப் போகிற* பகுதிக்கு வாங்குங்கள், மற்ற இடத்தில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஆராய்ச்சி ஆதாரமெல்லாம் இல்லை, இத்தனை வருஷத்தில் விழுந்தும் எழுந்தும் கற்றது.

ஓட்டத்துக்கும் நடைக்கும் ஒரே ஜோடி போதுமா?

நடைக்கு வாங்கியது ஓட்டத்துக்கு உதவுமா என்பது சந்தேகம், ஓட்டத்துக்கு வாங்கியது நடைக்குக் கட்டாயம் உதவும். நடக்கும்போது குதிகால் முதலில் இறங்கும், பெரும்பாலான வழுக்கல் அந்த நொடியில்தான் நடக்கிறது. அதனால் குதிகாலில் பிடி இல்லாத, முன்பாதத்தில் மட்டும் ஆணி இருக்கிற ரகத்தை நடைக்கு வாங்காதீர்கள். ஓடும்போது முன்பாதத்தால் உந்துகிறீர்கள், அங்கே பிடி இல்லையென்றால் விழாவிட்டாலும் ஒவ்வோர் அடியும் லேசாகப் பின்னால் நழுவும், வீடு வந்து சேரும்போது தொடையின் பின்தசை பிடித்துக்கொண்டிருக்கும். ஆக ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் இரண்டிலும் ஆணி வேண்டும், எடை குறைவாக இருக்க வேண்டும், அடித்தட்டு பாதத்தோடு வளைய வேண்டும்.

குதிகாலுக்கு மட்டும் மாட்டும் ரகத்தில் ஓடவே ஓடாதீர்கள்.

சுருள் கம்பி விலை குறைவாக இருக்கிறது. அதையே போட்டு ஓடினால் என்ன?

ஓடலாம், கம்பி அறுகிற வரைக்கும். பனியில் அது நன்றாக உழைக்கும், வெறும் தார் ரோட்டில் ஒவ்வோர் அடிக்கும் கம்பி தேயும். தேய்ந்து அறுந்தால் முனை ரப்பரைக் கிழிக்கும், அல்லது உங்கள் இன்னொரு காலின் பேண்ட்டில் கொக்கி போடும். எனக்கு அது நடந்தது வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி, காற்றும் தூறலுமாக இருந்த ஒரு சாயங்காலம். ஒரு காலில் கிளீட், ஒரு காலில் வெறும் ஷூ, நொண்டி நொண்டி வந்தேன். தினமும் பனிப்பாதையில் நடப்பவர்களுக்குச் சுருள் கம்பியை இன்றும் சிபாரிசு செய்வேன். ரோட்டில் ஓடுபவர்களுக்கு மாட்டேன்.

டங்ஸ்டன் கார்பைடு என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்களே, விளம்பரமா, விஷயம் இருக்கிறதா?

விஷயம் இருக்கிறது. மோஸ் கடினத்தன்மை அளவில் அது சுமார் 9, வைரம் 10. குளிர்கால வாகன டயர்களில் பதிக்கும் ஆணியின் முனையும் இதே பொருள்தான். சாதாரண எஃகு ஆணி கான்கிரீட்டில் தேய்ந்து உருண்டையாகிவிடும், உருண்டையான ஆணி ஐஸில் பிடிக்காது, சறுக்கும். ரோட்டில் ஓடுபவர் கொஞ்சம் கூடுதல் காசை இதற்குக் கொடுக்கலாம். காட்டுப் பாதைக்கு எஃகுப் பற்களே போதும், அங்கே தேய்க்கத் தரையே கிடையாது.

என்ன சைஸ் வாங்குவது?

உங்கள் கால் சைஸை மறந்துவிட்டு ஷூவை அளந்து பாருங்கள். ஒரே ஆளுடைய ஓட்ட ஷூவும் குளிர்கால பூட்டும் வெளிப்பக்கத்தில் ஒன்றரை, இரண்டு சைஸ் வித்தியாசப்படும். பெட்டியில் போட்டிருக்கும் சைஸ் வரம்பின் ஓரத்தில் நீங்கள் இருந்தால், ஓட்ட ஷூவுக்குச் சின்னதையும் பூட்டுக்குப் பெரியதையும் எடுங்கள். முடிந்தால் ஷூவைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள்.

மாட்டியபின் பார்க்க வேண்டியது: ரப்பர் சுற்றிலும் இறுக்கமாக நிற்க வேண்டும், அடித்தட்டு நடுவில் இருக்க வேண்டும், கையால் பக்கவாட்டில் தள்ளினால் அசையக் கூடாது. ஷூவின் மூக்கு மேல்நோக்கி வளைகிறதா என்று பாருங்கள். மெத்தென்ற தடித்த அடி வைத்த ஓட்ட ஷூக்களில் இது அடிக்கடி நடக்கும், ரப்பர் இழுக்கிற இழுப்பில் ஷூ வாழைப்பழம்போல் வளைந்துவிடும். அப்படியென்றால் இன்னொரு சைஸ் பெரியது, அல்லது வேறு ஷூ. விரல் பக்கம் அகலமான ஷூ வைத்திருப்பவர்களுக்கு வேறு தொல்லை, முன்பட்டை மேலே ஏறி நழுவிவிடும்.

ஓடும்போது கழன்று போகிறதே?

பெரும்பாலும் சைஸ் பெரிது, இல்லையென்றால் ரப்பர் தளர்ந்துவிட்டது. மாட்டும் முறையும் காரணமாகலாம்: முதலில் விரல் பக்கம் முழுசாக நுழைத்து, அப்புறம் குதிகால் பட்டையைப் பிடித்து நன்றாக மேலே இழுக்க வேண்டும். உட்கார்ந்து மாட்டுங்கள். ஒற்றைக்காலில் நின்றுகொண்டு, அதுவும் ஐஸ் மேல் நின்றுகொண்டு மாட்டுபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். பாதத்தின் மேல் குறுக்கே போகும் ஒரு பட்டை சில மாடல்களில் சேர்ந்தே வரும், சிலவற்றுக்குத் தனியாக விற்பார்கள். ஆழமான பனியிலோ சேற்றிலோ ஓடுபவர்களுக்கு அது தேவை, ஏனென்றால் அங்கே கழன்று விழுந்தது தெரியவே தெரியாது, பனி உருகியபின் யாராவது கண்டெடுப்பார்கள்.

போட்ட அரைமணியில் விரல் மரத்துப்போகிறது. குளிரா, கிளீட்டா?

இரண்டும் சேர்ந்து. இறுக்கமான ரப்பர் ஷூவை அமுக்கும், ஷூ விரலை அமுக்கும், ரத்த ஓட்டம் குறையும், குளிர் மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். கூடவே தடித்த சாக்ஸ் போட்டால் இடம் இன்னும் குறைகிறது, அதனால் சாக்ஸைக் கூட்டுவது சில சமயம் குளிரையே கூட்டும். கிளீட்டைக் கழற்றிவிட்டு அதே ஷூ, அதே சாக்ஸில் ஒரு நாள் நடந்து பாருங்கள், எது காரணம் என்று தெரிந்துவிடும். நீரிழிவு இருந்து பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும், மரத்துப்போவது அவர்களுக்குத் தெரியாமலே போகலாம்.

கடைக்குள், பஸ்ஸுக்குள் போகும்போது கழற்ற வேண்டுமா?

கட்டாயம். டைல்ஸ், பளிங்கு, உலோகப் படி, இவற்றின் மேல் உலோக ஆணி என்பது ஐஸைவிட மோசமான வழுக்கல். ரப்பர் தரையைத் தொடுவதேயில்லை, இரும்பின் மேல் நின்றுகொண்டிருக்கிறீர்கள். ஐஸ் நிறைந்த ஒரு நிறுத்துமிடத்தை வீரமாகக் கடந்து, ஒரு கடையின் வாசலுக்குள் முதல் அடி வைத்ததும் மல்லாக்க விழுந்தவன் நான். வலியைவிட, சுற்றி நின்றவர்கள் "ஐஸில் விழுந்தீர்களா?" என்று அக்கறையாகக் கேட்டதுதான் தாங்க முடியவில்லை.

தரையும் கீறும், மரத்தரை என்றால் வீட்டுக்காரர் உங்களை இரண்டாம் தடவை கூப்பிட மாட்டார். வண்டி ஓட்டும்போதும் வேண்டாம், பெடலில் வழுக்கும், மாட்டிக்கொள்ளவும் செய்யும். நாளுக்குப் பத்து முறை உள்ளே வெளியே போக வேண்டிய வேலை என்றால், ஆணிப் பகுதியைப் பாதத்தின் மேல்புறம் மடித்துவிடக் கூடிய குதிகால் ரகம் ஒன்று இருக்கிறது, அதைப் பாருங்கள். குனிந்து கழற்றும் வேலை மிச்சம்.

வயதான அம்மா, அப்பாவுக்கு வாங்கித் தரலாமா?

தாராளமாக. இதற்கு ஆதாரமும் இருக்கிறது: அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், முன்பே விழுந்த அனுபவமுள்ள 65 வயதுக்கு மேற்பட்ட நூற்றுச் சொச்சம் பேரை வைத்து ஒரு குளிர்காலம் முழுக்கப் பார்த்தார்கள். பாதிப்பேர் சுருள் கம்பி கிளீட் போட்டார்கள், மற்றவர்கள் வழக்கமான காலணியில் நடந்தார்கள். 2005இல் வெளியான முடிவின்படி, கிளீட் போட்டவர்கள் வெளியே விழுவது மற்றவர்களைவிடப் பாதிக்கும் கீழே இருந்தது.

ஆனால் பெரியவர்களுக்கு வாங்கும்போது பிடிமானத்தைவிட முக்கியமான கேள்வி, அவர்களால் அதைத் தாமாகவே மாட்ட முடிகிறதா என்பது. குளிரில் விறைத்த ரப்பரை இழுக்க விரலில் வலு வேண்டும். மாட்டக் கஷ்டமாக இருந்தால் "இதோ பக்கத்தில்தானே" என்று வெறும் ஷூவோடு கிளம்பிவிடுவார்கள், உங்களிடம் சொல்லவும் மாட்டார்கள். குதிகால் பட்டையில் விரல் நுழைக்கும் வளையம் உள்ளதாக எடுங்கள், வாசலருகே ஒரு நாற்காலி போடுங்கள். இன்னும் நல்லது, ஒரு பழைய ஷூவில் மாட்டி அப்படியே விட்டுவிடுவது: ஐஸ் நாளில் அந்த ஷூ, மற்ற நாளில் வேறு ஷூ. கைத்தடி வைத்திருந்தால் அதன் நுனிக்கும் ஒரு ஐஸ் முனை மாட்ட வேண்டும், இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

ஷூவின் அடியில் நேராக ஸ்க்ரூ அடித்துக்கொள்ளலாம் என்கிறார்களே?

அடிக்கலாம், பழைய வித்தை. அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலை மாரத்தானில் பல முறை வென்ற மேட் கார்ப்பெண்டர் இதை ஓட்டக்காரர்களிடையே பிரபலமாக்கினார். தகரத்தில் அடிக்கும் அறுகோணத் தலை ஸ்க்ரூ, முக்கால் அங்குலமெல்லாம் வேண்டாம், 3/8 அங்குலம் போதும். அந்தத் தலையின் விளிம்புதான் ஐஸைப் பிடிக்கிறது, அதனால் தட்டைத் தலை, உருண்டைத் தலை உதவாது. அடியின் ஓரத்தைச் சுற்றி, ரப்பர் தடிப்பான இடத்தில் மட்டும் முடுக்குங்கள். முடுக்கியபின் உள்ளே கையை விட்டு அழுத்திப் பாருங்கள், ஏதாவது நெருடினால் அந்த ஸ்க்ரூவைக் கழற்றிவிடுங்கள். எடையே தெரியாது, கழன்று விழும் பேச்சே இல்லை. கெடுதல் என்னவென்றால் அந்த ஷூ இனி வீட்டுக்குள் வர முடியாது, காற்று அல்லது ஜெல் அடைத்த அடி என்றால் ஒரு ஸ்க்ரூவிலேயே அதன் கதை முடிந்தது.

ஆணி பதித்தே விற்கும் ஷூ?

குளிர்காலம் ஐந்து மாதம் நீள்கிற இடத்தில், கதவைத் திறந்ததும் ஐஸ், திரும்பி வரும்வரை ஐஸ் என்றால் வாங்குங்கள், ஓடுவதற்கு இதைவிட நல்லது இல்லை. பாதி வழி ஐஸ், பாதி வழி வெறும் தரை என்றால் கழற்ற முடியாதது பெரிய குறை.

அடியில் பனி உருண்டை கட்டிக்கொள்கிறது. என்ன செய்வது?

0 டிகிரியை ஒட்டிய ஈரப்பனியில் சங்கிலி வகைக்கு இது வரும். பற்களுக்கிடையே பனி அடைத்து, ஹை ஹீல்ஸ் போட்டதுபோல் உயர்ந்துகொண்டே போவீர்கள், பல் ஐஸைத் தொடாது. பத்துப் பதினைந்து அடிக்கு ஒருமுறை காலைப் பக்கவாட்டில் தட்டிவிடுங்கள். சிலர் அடியில் சமையல் எண்ணெய் தடவுகிறார்கள், கொஞ்ச நேரம் வேலை செய்யும். அப்படிப்பட்ட நாளில் கிளீட்டைக் கழற்றிவிட்டு ஷூவின் பள்ளத்தை நம்புவதே பல நேரம் சரி.

இதைப் போட்டுக்கொண்டு மலை ஏறலாமா?

சாய்வு குறைந்த மலைப்பாதைக்குச் சங்கிலி வகை சரி. சரிவு செங்குத்தாகி, வழுக்கினால் நிற்காமல் கீழே போய்விடுவோம் என்ற இடம் வந்தால் அங்கே இது பொம்மை. அதற்குக் கிராம்பான் (பூட்ஸின் அடியில் கட்டும் நீளமான உலோகப் பற்கள்), விறைப்பான பூட்ஸ், ஐஸ் கோடாரி, அவற்றைப் பயன்படுத்தப் பயிற்சி எல்லாம் வேண்டும். மெத்தென்ற ஓட்ட ஷூவில் கிராம்பானைக் கட்டும் யோசனை இருந்தால் கைவிடுங்கள், நிற்காது.

மாட்டிவிட்டால் விழவே மாட்டேன், அப்படித்தானே?

விழுவீர்கள், குறைவாக. ஐஸில் நடக்கிற நடையை விட்டுவிடாதீர்கள்: சின்ன அடி, பாதம் தட்டையாக இறங்க வேண்டும், உடல் எடை முன்காலுக்கு நேர் மேலே, கை பாக்கெட்டில் இல்லாமல் வெளியே. ஓடும்போதும் அதேதான், அடியைக் குறுக்கி, எண்ணிக்கையைக் கூட்டுங்கள், திருப்பத்தில் சாயாதீர்கள், நிற்க நினைத்தால் நாலு அடி முன்பே வேகத்தைக் குறையுங்கள். முதல் நாளே பத்து கிலோமீட்டர் போகாதீர்கள். அடியில் புதுசாக ஒரு தட்டு வந்ததும் கெண்டைக்காலுக்கும் பாதத்துக்கும் வேலை மாறுகிறது, இரண்டு மூன்று கிலோமீட்டரில் ஆரம்பித்து உடம்பு என்ன சொல்கிறது என்று கேளுங்கள்.

எப்படிப் பராமரிப்பது, எப்போது தூக்கிப்போடுவது?

ரோட்டில் தூவும் உப்புதான் எதிரி. வந்ததும் சாதாரணத் தண்ணீரில் அலசி, விரித்துக் காயவையுங்கள். ஈரத்தோடு பையில் சுருட்டி வைத்தால் எஃகு துருப்பிடிக்கும். ஹீட்டர் மேல் போடாதீர்கள், ரப்பர் காய்ந்து வெடிக்கும். கோடையில் ஷூவில் மாட்டிய நிலையிலேயே விட்டுவைக்காதீர்கள், நீட்டியே கிடந்து இழுவை போய்விடும்.

ஒவ்வொரு முறை மாட்டும்போதும் ரப்பரை இழுத்து, ஆணிக்கும் வளையத்துக்கும் பக்கத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கேதான் முதலில் கிழியும், மைனஸ் 15 டிகிரியில் எச்சரிக்கை இல்லாமல் கிழியும். விரிசல் வந்த ஜோடியை ஒட்டுப்போடாதீர்கள். ஒரு ஆணி விழுந்தால் ஓட்டலாம். குதிகாலில் இரண்டு விழுந்துவிட்டால் புது ஜோடி வாங்குகிற நேரம். பழையதில் நன்றாக இருக்கிற ஒற்றையை எறியாமல் பையின் அடியில் போட்டு வையுங்கள். நாலு கிலோமீட்டர் நொண்டி வந்த அன்றைக்கு எனக்கு அப்படி ஒன்று இல்லை.